டபாய்க்கிறது என்றால்

எங்கள் மணிமங்கலத்தில் பொய் வேறு, டபாய்ப்பது வேறு. பொய்யை வாய் திறந்து சொல்ல வேண்டும். டபாய்ப்பதற்கு அந்தச் சிரமமே கிடையாது. கேட்டதற்குப் பிடி கொடுக்காமல் நழுவினாலே போதும்.

1991-இல் என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் அந்த ரகம். மாப்பிள்ளைக்குப் பெங்களூர் ரோட்டில் ஒரு கம்பெனியில் வேலை. "பர்மனென்ட்டா?" என்று என் அண்ணன் கேட்டார். "அதுக்கின்னா, நல்ல கம்பெனிதான், கேன்டீன்லாம் கீது" என்றாள் மாப்பிள்ளையின் அக்கா. அண்ணன் மறுபடி கேட்டதும், "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று எழுந்துவிட்டாள்.

"டபாய்க்கிறாங்க" என்றார் அண்ணன். எனக்கும் அதே சந்தேகம்தான். இப்படிச் சந்தேகம் வந்தால் எங்கள் ஊர்க்காரர்கள் ஷிஃப்ட் விடும் நேரத்தில் கம்பெனி வாசலுக்கு எதிரே போய் நின்று பார்த்துவிடுவார்கள். பர்மனென்ட் ஆள் நீலச் சட்டையில் வருவான், கான்ட்ராக்ட் ஆள் சொந்தச் சட்டையில் வருவான். நானும் வருவேன் என்று அடம்பிடித்தேன். வாழப்போவது நானல்லவா!

நாங்கள் போய் நின்ற அன்று மதியம் சங்கு ஊதியது. நீலச் சட்டைகள் எல்லாம் போன பிறகு, கட்டம் போட்ட சட்டையில் அவர் வந்தார். "பாத்தியா, நான் சொல்லல?" என்று அண்ணன் குதித்தார்.

அவர் எங்களைப் பார்த்து ஒதுங்கவில்லை. நேரே வந்தார். "கான்ட்ராக்ட்தாங்க. அக்காதான் சொல்ல வேணாம்னுச்சு. என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"எங்களை இன்னா கேணைங்கன்னு நெனச்சியா?" என்று எகிறிய அண்ணன் என் பக்கம் திரும்பினார். "வாம்மா, போலாம். இந்த எடம் வேணாம்."

என் கால் நகரவில்லை. எனக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. பெண் பார்க்க வந்த அன்று அந்தப் பக்கம் யாரும் பேசிவிடக் கூடாதென்று என்னைச் சுவரோரமாக உட்கார வைத்தது இதே அண்ணன்தான். அவர்கள் கேட்கவில்லை, நாங்கள் சொல்லவில்லை. அதற்கு மட்டும் வேறு பேரா?

"எனக்கு இடது காது கேக்காதுங்க" என்றேன். அண்ணன் முகம் செத்துப்போனது.

"தெரியும்" என்றார் அவர். "நீங்க காபி குடுத்துட்டுத் திரும்பினப்ப, அந்தப் பக்கமா நின்னு எங்கக்கா மூணு தபா கூப்ட்டுப் பாத்துச்சு."

அடப்பாவிகளா! தெரிந்துமா வாயைத் திறக்கவில்லை? கான்ட்ராக்ட் வேலைக்குக் கேட்காத காது போதும் என்று சம்மதித்தாரா, இல்லை என்னைப் பிடித்துத்தானா? கேட்டே விட்டேன்.

"உங்க பஸ் வந்துடுச்சு" என்றார்.

கல்யாணம் நடந்தது. அந்தக் கேள்வியை நானும் இன்றுவரை விடவில்லை. கேட்கும்போதெல்லாம் என் இடது பக்கமாக வந்து நின்று, மெதுவாக ஏதோ உதட்டை அசைப்பார். "இன்னா சொன்ன?" என்று நான் திரும்பினால், "அதான் சொல்லிட்டேனே" என்று போய்விடுவார்.