மெனுவில் வைத்த பன்னிரண்டு விநாடி

கலைமதியைக் காட்டிக்கொடுத்தவன் நான்தான்.

யாரும் என்னை அடித்துக் கேட்கவில்லை. மிரட்டவும் இல்லை. ஒரு சொம்புத் தண்ணீருக்காகச் செய்தேன்... அதுவும் நான் குடித்த தண்ணீர் அல்ல, என் வீட்டில் இன்னொருவர் குடித்த தண்ணீர். சிரிக்காதீர்கள். கடைசிவரை கேட்டுவிட்டு, பிறகு காறித் துப்புவதாக இருந்தாலும் துப்புங்கள்.

பதிமூன்று ஆண்டுகளுக்கு முன்பு திண்டிவனத்தில் கல்யாண டிவிடி என்றால் தாஸ் என்பார்கள். அந்தத் தாஸ் நான். காலனியில் இரண்டே அறை கொண்ட வீடு. பின்னறையில் ஒரு கம்ப்யூட்டர், வட்டில் எழுதும் இரண்டு டிரைவ், வட்டின் முகத்தில் மணமக்கள் படத்தை அச்சடிக்க ஒரு பிரிண்டர். படம் பிடிப்பதும் நான், வெட்டி ஒட்டுவதும் நான், உறை போட்டு, உறையின் அடியில் ‘தயாரிப்பு: தாஸ்’ என்று பொடி எழுத்தில் போட்டுக்கொள்வதும் நான்.

விழுப்புரத்துப் பெரிய ஸ்டுடியோக்காரர்களே அப்போது வட்டைப் போட்டால் பிள்ளையார் படத்தில் தொடங்கி நேராக ஓடுகிற மாதிரிதான் கொடுத்தார்கள். என் வட்டில் மெனு வரும். டிவியில் நான்கு சின்னக் கட்டங்கள்... நலங்கு, மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், விருந்து. ரிமோட்டில் எதை அழுத்துகிறீர்களோ அது ஓடும். அந்தக் கட்டங்களும் வெறும் போட்டோ அல்ல. ஒவ்வொன்றுக்குள்ளும் பன்னிரண்டு விநாடிப் படம் நாதஸ்வரத்தோடு ஓடும். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வரும். யாராவது ஒரு பொத்தானை அழுத்தும்வரை அது நிற்காது.

இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நானே முட்டி மோதிக் கற்றுக்கொண்டேன். அந்தத் திமிர் எனக்கு இருந்தது. மறைப்பானேன்?

இன்னொன்றும் இருந்தது. கேமரா தோளில் இருந்தால் காலனிக்காரன் மணமேடைவரை போகலாம். ஊர்க்காரர் வீட்டுக் கல்யாணத்தில், தாலி கட்டுகிற நேரத்தில், தாய்மாமனையே ‘கொஞ்சம் தள்ளுங்க’ என்று சொல்லலாம். தள்ளுவார்கள்! கேமராவை இறக்கி வைத்தால் பழைய தாஸ்தான். எனக்குச் சாப்பாடு பார்சலாக வரும், பந்தியில் இலை கிடையாது.

தேன்மொழி காணையைச் சேர்ந்த பெண். அவள் கல்யாணம் விழுப்புரத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. கூடப் படித்தவர்கள் வந்திருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர்தான் இந்தக் கதைக்கு வேண்டும். ஒருத்தி கலைமதி. தேன்மொழிக்கு உயிர்த் தோழி, தூரத்து உறவும்கூட. திண்டிவனத்துக்குப் பக்கத்து ஊர்ப் பெண். இன்னொருவன் அருள். எங்கள் காலனிப் பையன். என் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. மண்டபத்தில் என்னைப் பார்த்ததும், “அண்ணே, என்ன கொஞ்சம் செவப்பா காட்டுண்ணே” என்று சிரித்தான்.

பந்தியில் இலைகளின் வரிசையோடு கேமராவை ஓட்டிக்கொண்டே வந்தேன். கலைமதியும் அருளும் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள். கூடப் படித்தவர்களோடு வந்தவனை எந்தத் தெரு என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அவன் கடித்து வைத்திருந்த வடையை அவன் இலையிலிருந்து அவள் எடுத்தாள். வாயில் போட்டுக்கொண்டாள். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தினமும் நடக்கிற காரியத்துக்கு யார் நிமிர்ந்து பார்ப்பார்கள்?

உங்களுக்கு இது ஒன்றுமில்லாததாகத் தோன்றலாம். ஊர்ப்பெண் ஒருத்தி, காலனிப் பையனின் எச்சிலை, அவன் இலையிலிருந்தே எடுத்துத் தின்கிறாள்... எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

அந்த அர்த்தம் எனக்குப் படம் பிடிக்கும்போதே தெரியும். பின்னறையில் உட்கார்ந்து வெட்டும்போது இன்னும் நன்றாகத் தெரிந்தது. முழுப்படத்தில் அது இரண்டு விநாடி. வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ஆனால் நான் அதை எடுத்து, முன்னும் பின்னும் மெதுவாக ஓடவிட்டு, பன்னிரண்டு விநாடியாக்கி, மெனுவில் ‘விருந்து’ கட்டத்துக்குள் வைத்தேன். ஏன்? அழகாக இருந்தது. அந்தக் கல்யாணத்தில் அதைவிட அழகான காட்சி எதுவும் என் கேமராவில் விழவில்லை. யார் கவனிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். என் கைவரிசையை யாராவது கவனிக்க வேண்டும் என்றும் நினைத்தேன். இரண்டையும் ஒன்றாக நினைத்தேன், பாருங்கள்!

முப்பது வட்டு எழுதினேன். உறவுக்காரர் வீடுகளுக்கெல்லாம் போயிற்று.

மெனு எப்போது அதிகம் ஓடும் தெரியுமா? வட்டைப் போட்டுவிட்டு ‘இரு, அம்மாவும் வரட்டும்’ என்று காத்திருக்கும்போது. சாப்பிட்டுக்கொண்டே, கை கழுவிவிட்டு அழுத்தலாம் என்று விட்டுவைக்கும்போது. கலைமதி வீட்டில் அவள் அண்ணன் குமரேசன் சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். எதிரே டிவியில் அவர் தங்கை வடையை எடுத்தாள், தின்றாள். மறுபடி எடுத்தாள், தின்றாள். எத்தனை முறை பார்த்தாரோ...

மறுநாள் நடுப்பகலில் என் வீட்டு வாசலில் குமரேசனின் வண்டி வந்து நின்றது. வாசலில் நின்று கூப்பிடுவார் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“இதான் உன் வூடா தாசு? நல்லா வச்சிக்கினு கீற.”

ஊர்க்காரர் ஒருவர் எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது அதுதான் முதல்முறை. என் மனைவி பதறிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். வாங்கினார். அண்ணாந்து மடமடவென்று குடித்தார். அவளும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கு... எப்படிச் சொல்வேன்... நெஞ்சு நிறைந்துவிட்டது.

“அன்னிக்கி நீ எடுத்தது பூரா வச்சிக்கினு கீறியா?” என்று கேட்டார்.

“கீதுங்கண்ணே. கேசட்ல கீதுங்க.”

“எங்க கலைமதி அந்தப் பையங்கூட வர்ற எடம்லாம் எனக்குத் தனியா வோணும். யாருக்கும் தெரியக் கூடாது. ஜல்தியா குடு.”

அவர் குரலில் கோபமே இல்லை. வேலை சொல்கிற குரல்தான். ‘அழிச்சிட்டேங்கண்ணே’ என்று ஒரே ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். அந்தக் காலத்தில் கேசட்டை அழித்து அடுத்த கல்யாணத்துக்கு ஓட்டுவது தொழிலில் எல்லாரும் செய்வது. அவர் நம்பியிருப்பார். அந்த வார்த்தை என் வாயில் வரவே இல்லை.

பயத்தால்தான் செய்தேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய்! நான் பயப்படவில்லை. நம் வீட்டுத் தண்ணீரைக் குடித்த மனுஷன் கேட்கிறார், முடியாது என்பதா என்றுதான் நினைத்தேன். சொம்பில் வாய் வைக்காமல் அவர் அண்ணாந்து குடித்தார் என்பது, அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

அன்று இரவு முழுவதும் ஐந்து கேசட்டையும் தேடினேன். நான்கு இடங்கள் கிடைத்தன. மண்டப வாசலில் அவள் பூவை அவன் வாங்கிப் பிடித்திருக்கிறான். மணமேடைப் படியில் அவன் தோளில் கை வைத்து அவள் ஏறுகிறாள். வராந்தா மூலையில் இருவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான்காவது, பந்தி. ஒரு வட்டில் எழுதினேன்.

எழுதியதோடு விட்டேனா? அதற்கும் மெனு போட்டேன். கறுப்புப் பின்னணியில் நான்கு கட்டம், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எதை அழுத்தினால் எது வரும் என்று இரண்டு தடவை ஓட்டிச் சரிபார்த்தேன். அவர் கேட்கவில்லை. கை பழகிவிட்டது, செய்தது. கொலைக் கத்திக்கு எவனாவது அளவெடுத்து உறை தைத்துக் கொடுப்பானா? நான் கொடுத்தேன்.

குமரேசன் வாங்கிக்கொண்டு, “இன்னொரு வேல கீது” என்றார். முப்பது வீட்டிலும் இருக்கிற பழைய வட்டைத் திரும்ப வாங்கிவிட வேண்டும். நான் வீடு வீடாகப் போனேன். ‘வட்டுல கோளாறுங்க, நடுவுல நின்னுடும், மாத்தித் தர்றேங்க’ என்றேன். எல்லாரும் நல்ல பையன் என்று மெச்சினார்கள். புது மெனுவில் விருந்துக் கட்டத்துக்குள் அடுக்கி வைத்த லட்டு ஓடியது. ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை.

அந்த வாரமே கலைமதியின் படிப்பு நின்றது. அருளை மயிலம் ரோட்டில் நான்கு பேர் மறித்தார்கள். ஒரு காது போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவன் பத்தே நாளில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டான், பிறகு ஊர்ப்பக்கம் வந்ததில்லை. அவன் அம்மா குழாயடியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், “எவன் மூட்டி வுட்டானோ, அவன் கை வெளங்காமப் பூடணும்” என்பார். என்னிடம்தான் சொல்வார். நான் அவருடைய குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துவிடுவேன்.

அந்தக் கைதான். நன்றாகத்தான் விளங்குகிறது இன்னும்.

நாற்பது நாளில் கலைமதிக்குக் கல்யாணம் செய்தார்கள். அவளைவிடப் பதினான்கு வயது மூத்த சொந்தக்காரர். படம் பிடிக்க யாரைக் கூப்பிட்டார்கள் என்று நினைக்கிறீர்கள்? போனேன். எந்தப் பக்கம் நின்று எடுத்தாலும் அவள் முகம் தரையைத்தான் பார்த்தது. சிரிக்கும் காட்சி ஒன்றுகூடக் கிடைக்காமல், அந்த மெனுவில் மாலையையும் விளக்கையும் வைத்தேன்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் பழைய பாவி. இன்றைக்கும் பாவி என்பதால்தான் உங்களிடம் வந்தேன்.

போன மாதம் கலைமதி என் வீட்டுக்கு வந்தாள். உடம்பு வற்றிப்போய், முன்நெற்றியில் நரைத்து... முதலில் அடையாளம் தெரியவில்லை. கையில் தன் கல்யாண வட்டு.

“பிளேயரு பூட்ச்சிண்ணே. எம்பொண்ணு பாக்கணும்ன்றா. பென் டிரைவ்ல போட்டுத் தர்றீங்களா?”

உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள். என் மனைவி கொடுத்த தண்ணீரை வாய் வைத்துக் குடித்தாள். மேசைமேல் ஒரு மஞ்சள் நீராட்டுப் பத்திரிகை கிடந்தது. தேன்மொழியின் மகளுக்கு. வீடியோ நான்தான். பத்திரிகையை எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தாள்.

“எனக்கும் வச்சாண்ணே. வூட்டுக்கே வந்தா. நான் உள்ள கூப்புடல.”

“ஏம்மா?” என்றேன். அவர்கள் பேசிக்கொள்வதில்லை என்று தெரியும். காரணம் அன்றுதான் கேட்டேன்.

“எங்க விசயம் அவ ஒருத்திக்குத்தாண்ணே தெரியும். அவதான் எங்கண்ணங்கிட்ட சொல்லிட்டா. எங்கண்ணனே சொல்லிச்சு, தேன்மொழிதான் சொன்னான்னு. பதிமூணு வருசமாவுது, அவகூட நான் பேசறதில்ல. இத்தினி வருசமா வந்து வந்து நிக்கிறா. எந்த மூஞ்ச வச்சிக்கினு வர்றான்னு தெரியல.”

குமரேசன் ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குப் புரிந்தது. வட்டில் பார்த்தேன் என்று சொன்னால், முப்பது வீட்டிலும் இருந்தது என்று ஆகிவிடும். குடும்ப மானம் போய்விடும். தோழியின் தலையில் போட்டால் மானமும் மிஞ்சும், சிநேகமும் அறுந்துவிடும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அவள் என் எதிரே இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். ‘தேன்மொழி சொல்லலம்மா, நான் குடுத்தேன்.’ இவ்வளவுதான். போன அருள் வரமாட்டான், படிப்பு வராது, அந்தப் பதிமூன்று வருடம் வராது... ஆனால் அவளுக்கு ஒரு தோழி திரும்பக் கிடைப்பாள். அதைக் கொடுக்க என்னால் மட்டுமே முடியும். உலகத்தில் வேறு எவனாலும் முடியாது!

நான் கேட்டேன்: “பென் டிரைவ் எத்தினி ஜிபிம்மா?”

“முப்பத்திரண்டுண்ணே.”

“போதும்.”

வட்டைச் சுழலவிட்டேன். காப்பி ஆகிற கால் மணி நேரமும் மகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினாள். போகும்போது, “நீங்க நல்லா இருக்கணும்ணே” என்றாள்.

அவளிடம் சொல்ல வேண்டியதை உங்களிடம் ஏன் சொல்கிறேன்? உங்களுக்கு அவளைத் தெரியாது. அதனால்தான். என் கோழைத்தனத்துக்கு நீங்கள் வசதியாக வாய்த்தீர்கள், அவ்வளவே.

அவள் வந்துபோன அடுத்த ஞாயிற்றுக்கிழமை காணையில் விழா. வாசலில் கேமராவோடு நின்று, வருகிறவர்களை எடுத்துக்கொண்டிருந்தேன். தேன்மொழி பட்டுப்புடவையில் பந்தலுக்கும் ரோட்டுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். திண்டிவனத்துப் பக்கத்திலிருந்து ஆள் வந்து இறங்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தாள். பெண்ணுக்குத் தண்ணீர் ஊற்ற நேரமாகிவிட்டது என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். போனவள் திரும்பி என்னிடம் வந்தாள்.

“அண்ணே, நீங்க திண்டிவனந்தான? எங்க கலைமதி எங்கனா உங்க கண்ணுல பட்டாளா? எம்மேல இன்னா கோவம்னே எனக்குத் தெரியலண்ணே. இன்னிக்கின்னா வருவான்னு பாத்தேன்.”

“இல்லம்மா. நான் பாக்கலியே” என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். நான் பின்னாலேயே போய் அவளைப் படம் பிடித்தேன்.