ஸ்டியரிங் லேசான சாயங்காலம்

பேய் என்றால் நடுராத்திரி, சுடுகாடு, நாய் ஊளை என்றுதான் எல்லாரும் எதிர்பார்ப்பீர்கள். எனக்கு நடந்தது சாயங்காலம் ஆறே முக்காலுக்கு, பஸ்ஸும் ஆட்டோவும் முட்டிமோதிக்கொண்டிருந்த அம்பத்தூர் எஸ்டேட்டில். கதை விடுகிறேன் என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். என் மகள் மேல் சத்தியமாகச் சொல்கிறேன்... அவளும் அன்றைக்கு வண்டியில் இருந்தாள்.

என் பெயர் தமிழரசு. திருவேற்காட்டில் பிக்கப் வண்டி வாடகைக்கு ஓட்டுகிறேன். பழைய வண்டி, பவர் ஸ்டியரிங் கிடையாது. லோடு ஏற்றிவிட்டால் ஸ்டியரிங்கைத் திருப்புவது மாவாட்டுவது மாதிரி. போன வருஷம் ஒரு பிளாட்டில் பீரோ இறக்கும்போது வலது தோள் பிடித்துக்கொண்டது. இப்படியே ஓட்டினால் கையைத் தூக்கவே முடியாமல் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டியை விற்றால் அப்புறம் நான் என்ன செய்வது? அதனால் வேறொரு வண்டியில் கழற்றிய பவர் ஸ்டியரிங் செட்டை வாங்கி, என் வண்டியில் மாட்டச் சொல்லி மெக்கானிக் பச்சையப்பனிடம் விட்டேன்.

"வியாழக்கெயம சாயங்காலம் வந்து எடுத்துகினு போ அண்ணாத்தே" என்றான்.

வியாழக்கிழமை போனேன். நல்ல மழை. எஸ்டேட்டில் அவன் பட்டறை ஷட்டர் இறங்கியிருந்தது. அவன் போன் சுவிட்ச் ஆஃப். வண்டி வெளியே நின்றது, பானெட் மூடியிருந்தது. சாவி வழக்கம்போலப் பக்கத்து டீக்கடையில். வேலை முடிந்தது என்றுதானே யாரும் நினைப்பார்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஸ்டியரிங்கைத் தொட்டேன். ஒற்றை விரலுக்குச் சுற்றியது. ஜென்மத்தில் நான் பவர் ஸ்டியரிங் பிடித்ததில்லை. இப்படித்தான் இருக்கும்போல என்று சின்னப் பையன் மாதிரி குஷியாகிவிட்டேன்.

எக்ஸ்போர்ட் கம்பெனி வாசலில் என் மகள் தேவிப்பிரியா வேலை முடிந்து நின்றாள். ஏற்றிக்கொண்டேன்.

"இன்னாப்பா, ஒரே சிரிப்பா கீற?"

"தோள் வலியே இல்லமா. பாரு, ஒரு விரல்ல ஓட்டுறேன்."

ஒரு நெரிசலில் இன்ஜின் ஆஃப் ஆனது. அப்போதும் ஸ்டியரிங் லேசாகத்தான் சுற்றியது. இன்ஜின் ஓடினால்தான் பவர் ஸ்டியரிங் வேலை செய்யும். அது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

திரும்பக் கிளம்பினோம். காலடியில் ஒரு சத்தம்.

டக்... டக்... டக்...

மெயின் ரோட்டில் நேராகப் போகத்தான் பிடித்திருந்தேன். வண்டி இடது பக்கம் ஒடித்து, அயனம்பாக்கம் ஏரிக்கரை ரோட்டில் இறங்கியது. கை பழகவில்லை, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மணி ஏழு பத்து.

"அப்பா..."

"இன்னாமா?"

"நீ திருப்புறதுக்கு முன்னாடியே வண்டி திரும்புதுப்பா."

"சும்மா இரு."

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் அது தெரிந்துதான் இருந்தது. அவளை வைத்துக்கொண்டு பயத்தைக் காட்ட முடியுமா?

அடுத்த வளைவு.

எதிரே லாரி. இரண்டு லைட்டும் கண்ணுக்குள்ளே. ஹாரன்...

பிரியா கத்தினாள்.

வண்டி இடது பக்கம் ஒடித்துத் திரும்பியது.

லாரி உரசாமல் போனது.

ஜன்னலுக்குக் கீழே ஏரித் தண்ணீர்.

பிறகு... வண்டி மெதுவாக ரோட்டுக்கு ஏறியது.

நல்லவேளை, சரியான நேரத்தில் திருப்பினோம் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் தெருவில் வண்டியை ஓரம் கட்ட ஸ்டியரிங்கைத் திருப்பினேன். வண்டி திரும்பவில்லை. இன்னும் சுற்றினேன். ஒரு சுற்று, இரண்டு சுற்று... ராட்டினம் மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது. டயர் நேராகத்தான் நின்றது. பக்கத்து வீட்டுச் சுவரில் மெதுவாக முட்டி வண்டி நின்றது.

காலையில் பச்சையப்பன் பதறியடித்துக்கொண்டு வந்தான்.

"யோவ் அண்ணாத்தே, இத்த எப்டி எடுத்துகினு வந்த? மாமனார் செத்துப் பூட்டாருன்னு பாதில உட்டுட்டு ஓடுனேன்யா!"

பானெட்டைத் தூக்கினான். பவர் ஸ்டியரிங் பம்பு இல்லை. அது இன்னும் பட்டறையில்தான் கிடந்தது. ஸ்டியரிங்கிலிருந்து இறங்கும் ராடு எதிலும் சேராமல் தொங்கியது. அதை விரலால் தட்டினான். டக்... டக்... என்றது.

"நீ புடிச்சிருந்த ஸ்டியரிங்குக்கும் டயருக்கும் சம்பந்தமே இல்ல அண்ணாத்தே."

அவன் முகத்தில் ரத்தமே இல்லை. அன்றைக்கே எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்தான். வண்டி இப்போது ஒழுங்காக ஓடுகிறது, தோளும் தேவலை. பிரியா மட்டும் ஏற மாட்டேன் என்றாள். படித்த பெண் இப்படிப் பயப்படலாமா என்று திட்டினேன். பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு ராத்திரி சாப்பிடும்போது அவளே சொன்னாள்.

"அந்த லாரி வந்தப்ப நீ ஸ்டியரிங்க புடிக்கவே இல்லப்பா. கண்ண மூடிகினு, ரெண்டு கையாலயும் என்னைக் கட்டிப் புடிச்சுகினு இருந்த."

எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தேன்.

"நீ கண்ண மூடலியா?"

"இல்லப்பா. பாத்துகினே இருந்தேன். ஸ்டியரிங் சுத்துச்சு... வேகமா கூட இல்ல. நல்லா ஓட்டத் தெரிஞ்சவங்க திருப்புற மாதிரி, மெதுவா."