யோகம் அக்கா நிற்கும் இடம்

மண்டபக் கதவு திறந்ததும் எல்லோரும் மேடையை நோக்கி நடப்பார்கள். யோகம் அக்கா பின்பக்கமாக நடப்பார். அங்கே ஒலியமைப்பாளர் தன் பொத்தான் பலகையோடு உட்கார்ந்திருப்பார். அவருக்கு ஒரு முழம் முன்னால், சற்று இடப்புறமாகப் போய் நின்று, குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டுவார். இரண்டு மணி நேரம் நிற்க வேண்டுமே.

“முன்னுக்குப் போறவை ஆளைப் பாக்கப் போறவை. பாட்டுக் கேக்கோணுமெண்டால் இந்த மனிசனுக்குப் பக்கத்திலை நிக்கோணும். அவர் தன்ரை காதுக்குக் கேக்கிற மாதிரித்தானே எல்லாருக்கும் வைப்பார்” என்பார்.

வயது ஐம்பத்திரண்டு. ஜெர்மனியின் ஹம் நகரத்தில் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. காலை ஆறு மணிக்குப் போய் நூறு பேருக்குக் கிழங்கு அவிக்கிறவர், ஞாயிறு பின்னேரம் வந்தால் பிராந்திய ரயிலில் ஏறி டோர்ட்முண்டுக்கோ மூன்ஸ்டருக்கோ, சின்ன மண்டபம் எதிலாவது யாராவது பாடுவதைக் கேட்கப் போவார். பெரிய அரங்குகளுக்குப் போவதில்லை. “பாடுறவ மூச்செடுக்கிறது கேக்கோணும்” என்பது அவர் கணக்கு.

இது எப்படித் தொற்றியது என்று கேட்டிருக்கிறேன். முதியோர் இல்ல வேலைக்கு முன் ஒரு கலாசார மண்டபத்தில் தரை துடைக்கிற வேலை செய்தாராம். பின்னேரங்களில் இசைக்குழுக்கள் வந்து ஒலியைச் சரிபார்த்துவிட்டுப் போகும். ஒருநாள் ஒரு பெண் ஆளுயர வயலின் மாதிரி ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாசித்தாள். “கீழ்ச்சுரம் ஒண்டு. அது தரையாலை வந்து என்ரை காலுக்குள்ளை ஏறினது. வாளித் தண்ணி ஆறிப்போச்சு. நான் துடைக்கேல்லை.” அன்றைக்கு மண்டபத்துக்காரர் திட்டவில்லை. ஆறு மணிக்கு வந்து நின்று கேட்டுவிட்டுப் போகச் சொன்னார். அப்படித்தான் தொடங்கியது. இப்போது பத்து வருடமாகிறது.

கோயிலில் யாராவது “போன ஞாயிறு காணேல்லை” என்றால், “எனக்கு டீன்ஸ்ட்” என்பார். வேலை என்று சொன்னால் மேலே கேட்க மாட்டார்கள். கச்சேரிக்கென்று ஒரு கறுப்புக் காற்சட்டையும் ஒரு சாம்பல் ஸ்வெட்டரும் வைத்திருக்கிறார். ரயில் ஹம் நிலையத்தை விட்டதும் நெற்றியிலிருந்து ஒட்டுப்பொட்டை எடுத்துக் கைப்பேசியின் முதுகில் ஒட்டுவார். திரும்பி வரும்போது அது மறுபடி நெற்றிக்குப் போகும். இதைச் செய்யும்போது யன்னலுக்கு வெளியே பார்ப்பார். நான் பார்ப்பதை விரும்ப மாட்டார்.

ஆனால் பாட்டை ஒளித்துவைக்க அவரால் முடியாது. பிடித்த பாட்டு ஒன்று கிடைத்தால் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்புவார். முதலில் குரல் பதிவு வரும். “முதல் ஒரு நிமிசம் ஒண்டும் நடக்காது, பொறுங்கோ. பிறகு ட்ரம் வரும். தெரியாமல் வரும், கவனம்.” பிறகு பாட்டு. அடுத்த நாள் பரீட்சை. “ரெண்டாந்தரம் பாடேக்கை எந்த இடத்திலை குரலை மாத்தினவ?” பேர்லினில் அவருடைய ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் இருந்தார், எந்தப் பாட்டுக்கும் பெருவிரலை உயர்த்திக் காட்டும் படத்தை உடனே அனுப்பிவிடுவார். “அஞ்சு நிமிசப் பாட்டை நாலு செக்கனிலை கேட்டு முடிச்சிட்டான்” என்று சொல்லி அவரைப் பட்டியலிலிருந்து நீக்கினார். பதினொரு பேர் இருந்த பட்டியல் கடைசியில் மூன்று பேரில் வந்து நின்றது. ஒருவர், ஸ்டுட்கார்ட்டில் படிக்கும் மகள் தேனுஜா. இன்னொருவர் நான். மூன்றாமவர் மங்கையற்கரசி.

மங்கை அக்காவுக்கு அறுபத்தொரு வயது. பொதிகளைத் தரம் பிரிக்கும் கிடங்கு ஒன்றில் வேலைக்கு நிற்கிறார். வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் தேவாரம் பாடுகிறவர். ஒலிபெருக்கி தேவைப்படாத குரல். யோகம் அக்காவின் பரீட்சைகளில் ஒழுங்காகத் தேறியவர் அவர் ஒருவர்தான். தேறியது மட்டுமல்ல, திருப்பிக் கேள்வியும் கேட்பார்.

லாரா என்று ஒரு பாடகி, இந்தப் பக்கத்துப் பெண். சின்ன மண்டபங்களில் கிற்றாரோடு தனியாகப் பாடுகிறவள். அவளுடைய பாட்டு ஒன்றில், வேலை முடிந்து வரும் ஒருத்தி மடியில் ஒரு பூச்செடியை வைத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பேருந்துகள் வருகின்றன, போகின்றன. அவள் ஏறவில்லை. அவ்வளவுதான் பாட்டு. யோகம் அக்கா அதை அனுப்பி, சொற்களின் கருத்தையும் தமிழில் சொல்லியிருந்தார். மங்கை அக்காவின் பதில் வந்தது: “அந்தச் செடி அவ வாங்கினதோ, ஆரும் குடுத்ததோ?”

“நாலு வருசமாக் கேக்கிறன். எனக்கு இது தோணேல்லை” என்று யோகம் அக்கா என்னிடம் சொன்னார். குரலில் அவ்வளவு சந்தோசம். சென்ற ஆண்டு ஒக்டோபரில் லாரா பழைய நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில், இப்போது மண்டபமாகிவிட்ட குளியல் கூடத்தில் பாட வந்தபோது, மங்கை அக்காவுக்கும் எனக்கும் சேர்த்து அவரே நுழைவுச்சீட்டு எடுத்தார். அதற்கு முன் என்னைத் தவிர அவர் யாரையும் கூட்டிப்போனதில்லை.

ரயில் மேடைக்கு மங்கை அக்கா அரக்குப் பட்டுச் சேலையில் வந்தார். மேலே குளிர்கோட்டு. தலையில் பூ. கையில் பொரித்த ரோல்ஸ் நிறைந்த பிளாஸ்டிக் பெட்டி. யோகம் அக்கா அவரை மேலிருந்து கீழாகப் பார்த்து, “குளிருமே, அக்கா” என்றார்.

“பாட்டுக் கேக்கப் போறம். பின்னை என்னத்தைக் கட்டிறது?” என்றார் மங்கை அக்கா.

மண்டபத்தில் நூற்றைம்பது பேர் இருந்திருப்பார்கள். எல்லோரும் கறுப்பிலும் சாம்பலிலும். யோகம் அக்கா தன் இடத்தில் போய் நின்று நாடாவைக் கட்டினார். நாங்கள் அவருக்கு ஓரடி பின்னால் நின்றோம். மங்கை அக்கா ஒவ்வொரு பாட்டுக்கும் தொடையில் தாளம் போட்டார். பட்டு சரசரத்தது. யோகம் அக்கா இரண்டு தரம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். இரண்டாவது சிரிப்பு முதலாவதைப் போல இல்லை.

ஆறாவதோ ஏழாவதோ பாட்டு அது. லாரா கிற்றாரைக் கீழே வைத்தாள். ஒலிவாங்கியை விட்டு விலகி மேடை விளிம்புக்கு வந்து, வெறும் குரலில் அந்தப் பேருந்து நிறுத்தப் பாட்டைத் தொடங்கினாள். மண்டபத்தில் அசைவில்லை. இரண்டாம் சரணத்தில் எனக்கு அருகிலிருந்து இன்னொரு குரல் எழுந்தது. முதலில் முணுமுணுப்பாக. பிறகு முழுதாக, வெள்ளிக்கிழமைக் குரலில்.

மங்கை அக்காவுக்கு முழுப் பாட்டும் தெரிந்திருந்தது. தமிழ் எழுத்தில் எழுதிவைத்துக் கிடங்கில் நின்றபடி பாடமாக்கியிருக்கிறார். ஜெர்மன் சொற்கள் அவர் வாயில் உருண்டு வேறு உருவம் எடுத்தன. சுருதி மட்டும் விலகவில்லை. கண்ணை மூடிக் கைகளைக் கோத்துக்கொண்டு பாடினார். கோயிலில் தெரிந்த பாட்டைப் பாடினால் கூடப் பாடுவதுதானே மரியாதை. வாயை மூடிக்கொண்டு நிற்கிறவரைத்தான் அங்கே திரும்பிப் பார்ப்பார்கள்.

இங்கே எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின. யாரோ சிரித்தார்கள். ஒருவர் கைப்பேசியை உயர்த்தினார். யோகம் அக்காவின் பக்கத்தில் நின்ற கண்ணாடி போட்ட மனிதர் குனிந்து, “இந்தப் பெண்மணி உங்களோடு வந்தவரா?” என்று ஜெர்மனில் கேட்டார்.

“நைன்” என்றார் யோகம் அக்கா. இல்லை என்று.

சொன்னதோடு நிற்கவில்லை. ஓரடி இடப்பக்கம் தள்ளி நின்றார். பத்து வருடமாக அந்த ஒரு முழ இடத்தை விட்டு அசையாதவர்.

மங்கை அக்கா மேலும் இரண்டு வரி பாடினார். பிறகு பாட்டு தன்னளவில் முடிந்துவிட்டது போல வாயை மூடிக்கொண்டார். லாரா எங்கள் பக்கம் பார்த்தபடியே கடைசிச் சரணத்தைத் தனியாகப் பாடி முடித்தாள். கண்ணாடிக்காரர் எதற்காகக் கேட்டார் என்பது எங்களுக்கு இன்றுவரை தெரியாது. பாராட்டத்தான் கேட்டாரோ என்னவோ. நானும் ஓரடி தூரத்தில்தான் நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை. என்னைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசிக்க எனக்குத் தைரியமில்லை.

திரும்பும் ரயிலில் மங்கை அக்கா பெட்டியைத் திறந்து எனக்கு ஒரு ரோல்ஸ் தந்தார், யோகம் அக்காவுக்கு ஒன்று கொடுத்தார். “அந்தப் பிள்ளைக்கு நல்ல குரல்” என்றார். யோகம் அக்கா ஹம் வரும்வரை விளக்குகளைப் பற்றியும் மண்டபத்தின் எதிரொலி பற்றியும் நிறுத்தாமல் கதைத்தார். இறங்கும்போது ரோல்ஸ் கைத்துண்டில் சுற்றியபடி கையிலேயே இருந்தது.

அதன் பிறகு யோகம் அக்காவிடமிருந்து எனக்கும் பாட்டு வரவில்லை. ஒரு கிழமை, இரண்டு கிழமை, ஒரு மாதம். கோயிலில் மங்கை அக்கா, “இப்ப ஏன் பாட்டு வாறேல்லை?” என்று கேட்க, யோகம் அக்கா, “ஃபோனிலை இடம் முடிஞ்சுது, அக்கா” என்றார். என்னிடம் வேறு விதமாகச் சொன்னார். “பாட்டைப் போட்டால் என்ரை சத்தம்தான் கேக்குது. அந்த ஒரு சொல்லு. அனுப்ப ஏலாது.”

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை காலை என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். “மங்கை அக்காவிட்டைப் போகோணும். தனியப் போகப் பயமாக் கிடக்கு. நீரும் வாரும்.”

மங்கை அக்கா சமையலறையில் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். எங்களை இருக்கச் சொல்லித் தேநீருக்குத் தண்ணீர் வைத்தார். யோகம் அக்கா கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நின்றபடியே சொன்னார்.

“அக்கா, அண்டைக்கு ஒருத்தர் உங்களைப் பற்றிக் கேட்டவர். நான் எங்களோடை வரேல்லை எண்டனான்.”

“கேட்டது” என்றார் மங்கை அக்கா. கத்தி நிற்கவில்லை.

“ஜெர்மனிலை சொன்னபடியால் உங்களுக்கு...”

“நைன் எண்டால் எனக்கு விளங்காதெண்டு நினைச்சனியே, யோகம்? இந்த நாட்டுக்கு வந்து முதல் படிச்ச சொல்லே அதுதான். எத்தினை ஒபிசிலை, எத்தினை கதவிலை கேட்டிருப்பன். எங்கடை ஆளின்ரை வாயிலையிருந்து கேட்டது அண்டைக்குத்தான்.”

யோகம் அக்கா அழவில்லை. அழுதிருந்தால் பார்க்கிற எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நான் பிழையாப் பாடினனானோ?” என்று கேட்டார் மங்கை அக்கா.

“இல்லை, அக்கா.”

“பின்னை?”

கேத்தல் கொதித்துத் தானாக நின்றது. மங்கை அக்கா கையைக் கழுவி, மூன்று கோப்பைகளில் தேநீர் ஊற்றி, சீனிப் போத்தலை யோகம் அக்காவின் பக்கம் தள்ளிவைத்தார்.

“பாட்டை அனுப்பு. கேப்பன். அதை ஏன் விடுவான்? ஆனால் உன்னோடை இனி ஒரு இடமும் வரமாட்டன். கோவிக்காதை” என்றார்.

அப்படியே நடக்கிறது. பாட்டுகள் மறுபடி வருகின்றன. முன்னால் குரல் பதிவு இல்லை, பரீட்சை இல்லை. மங்கை அக்கா வழக்கம்போலக் கேட்டுவிட்டு, வழக்கம்போல ஒரு கேள்வி அனுப்புகிறார். யோகம் அக்கா அதற்கு நீண்ட பதில் எழுதி, அழித்து, சின்னப் பதில் ஒன்று எழுதுவதை ரயிலில் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். உங்களைப் பற்றி எழுதலாமா என்று நான் கேட்டபோது, “எழுதும். பேரை மாத்தாதையும். அண்டைக்குச் சொன்னதையும் விடாமல் எழுதும்” என்றார்.

இந்த ஜூன் மாதம் லாரா ஹம் நகரத்துக்கே வந்தாள். பூங்காவில், சனிக்கிழமை மத்தியானம், புல்லில் விரிப்புப் போட்டு உட்கார்ந்து கேட்கிற நிகழ்ச்சி. மங்கை அக்காவின் வீட்டிலிருந்து நடந்தால் கால் மணி நேரம். யோகம் அக்கா அழைத்தார். “சொன்னனான்தானே” என்றார் மங்கை அக்கா. பிறகு, “வீடியோவிலை காட்டினால் பாப்பன்” என்றார்.

ஆகவே யோகம் அக்கா வீடியோ அழைப்பில் கைப்பேசியை மேடைப் பக்கம் உயர்த்திப் பிடித்தபடி நின்றார். நான்காவதாக அந்தப் பேருந்து நிறுத்தப் பாட்டு வந்தது. பூங்கா அமைதியாக இருந்தது. குழந்தைகள்கூடச் சத்தம் போடவில்லை. இரண்டாம் சரணத்தில், உயர்த்திய கைக்குள்ளிருந்து மங்கை அக்காவின் குரல் கிளம்பியது. சின்ன ஒலிபெருக்கியில் தகரம் போல அதிர்ந்தாலும், நாலு விரிப்பு தூரத்துக்குக் கேட்டது. முன்னால் இருந்த பெண் திரும்பினாள். அவள் கணவன் திரும்பினான். இன்னும் இரண்டு பேர் திரும்பினார்கள்.

யோகம் அக்காவின் பெருவிரல் ஒலியைக் குறைக்கிற பொத்தானுக்குப் போனது. அதன்மேல் நின்றது. காது மடல்வரை அவர் முகம் இரத்தம் கட்டியதுபோலக் கறுத்தது. பிறகு பெருவிரலை எடுத்துவிட்டு, மற்றக் கையால் முகத்தை மூடிக்கொண்டார். பாட்டு முடியும்வரை உயர்த்திய கையை இறக்கவில்லை.