செத்த ஸ்ப்ரிங்

பழைய மடக்குக் கத்திகளைச் சேர்க்கிறவன் நான். எட்டாவதோடு படிப்பை விட்டதால் கத்தியிலிருக்கும் இங்கிலீஷ் முத்திரையைவிட, மடக்கும்போது வரும் சத்தத்தைத்தான் நம்புவேன். நல்ல கத்தி, உள்ளிருக்கும் ஸ்ப்ரிங் இழுப்பில் 'டக்'கென்று அடித்து மூடும்; விரித்தால் அசையாமல் நிற்கும்.

கருமத்தம்பட்டியில் ஒரு தறிக்காரர், தன் அப்பா ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கியது என்று ஒரு கத்தியைக் காட்டினார். அது தொளதொளவென்று மூடியது. துருவும் ஆசிட்டில் ஊறப்போட்ட மாதிரி ஒரே சீராக இருந்தது.

"இது போலிங்க" என்றேன்.

அவர் கத்தியை விரித்து என் வயிற்றில் வைத்தார். "ஏனுங்க, எங்கப்பன் பொய் சொன்னாருங்கறீங்களா? இன்னொருக்காச் சொல்லுங்க, குடலை உருவிப்போடறேனுங்க."

சட்டை கிழிந்து முனை தோலில் பட்டது.

"நெசக் கத்திதானுங்க. நான்தான் தப்பாப் பாத்துட்டேன்."

"அப்பிடிச் சொல்லுங்க" என்று சிரித்தபடி, அதே கத்தியை ஓங்கித் தறிக்கட்டையில் குத்தினார். அலகு மடங்கி அவர் விரல்கள் மேலேயே மூடியது. இரண்டு விரல் எலும்புவரை பிளந்தது. தறியில் கட்டியிருந்த பாவு நூலெல்லாம் ரத்தம்.

என் துண்டால் அந்தக் கையை இறுக்கிக் கட்டினேன். ஸ்ப்ரிங் செத்துப்போச்சு, குத்தாதீங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கத்தி என் வயிற்றைவிட்டு நகர்ந்ததே போதுமென்று சும்மா இருந்துவிட்டேன்.