விரிப்பின் மேல் வைத்த டிவி

கண்டிக் கடையில் சின்ன டிவி ஒன்றைத் தேர்ந்தெடுத்தபோது, "கால் ரொம்ப மெல்லிசா இருக்குங்க" என்றேன். "டிவி என்ன நடக்கவா போகுது?" என்றார் கணவர்.

கலஹாவில் எங்கள் வீட்டு மேசையில், நான் பின்னிய விரிப்பின் மேல் வைத்தோம். பழைய பெட்டி டிவியின் கனத்தில் அந்த விரிப்பு அசைந்ததே இல்லை.

மறுநாள் சோறு வடிக்கும்போது திரும்பிப் பார்த்தேன். இரண்டு வயது மகள் தொங்கிய விரிப்பைப் பிடித்து இழுக்க, டிவி அவள் தலைக்கு மேல் சாய்ந்துகொண்டிருந்தது. பானையை விட்டுவிட்டு ஓடி, நெஞ்சால் தாங்கினேன். கொதிக்கிற கஞ்சி என் காலில் கொட்டியது பிறகுதான் தெரிந்தது. மகள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது டிவி சுவரில், விரிப்பு அலுமாரிக்குள். யாருடன் டிவி வாங்கப் போனாலும், படத்தைப் பார்க்குமுன் மேல்விளிம்பை ஒரு விரலால் தள்ளிப் பார்க்கிறேன். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.