ஸ்டீபன் ஆடியது ரம்மி அல்ல

அன்று காலை கடையில் ஒரு லாரிக்காரருக்குக் கயிறு அளந்துகொண்டிருந்தேன். போனில், நம் கார்டு விளையாட்டுக் குழுவில் செய்தி வந்தது: "ஸ்டீபன் அண்ணன் இறந்துட்டார். கம்பெனியிலேயே நெஞ்சுவலி." கயிற்றைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தேன். கும்பிடும் கைகளும் அழும் முகங்களும் வரிசையாக வந்து விழுந்தன. அவற்றுக்கு நடுவே ஒருவன் கேட்டிருந்தான்: "அண்ணன் அக்கவுண்ட்ல இருக்கற கார்டெல்லாம் இனி என்ன ஆவும்?" அவன் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவனுக்குத் தெரியும்.

ஸ்டீபனிடம் இந்த விளையாட்டைக் கற்றுக்கொண்ட உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆறுதல் சொல்வதற்கு அல்ல.

ஓசூரில் அவர் வீட்டு வாசலில் பந்தல் போட்டு, பெட்டியில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். பேரிகையிலிருந்து வந்திருந்த அவர் மைத்துனர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "போனுல ஓயாம சீட்டு. எவ்ளோ விட்டானோ, யாருக்குத் தெரியும்? அந்தக் கவலைலதான் நெஞ்சு அடைச்சிருக்குது." அங்கே நின்றவர்களில் ஆறு பேர் நம் குழுவினர். ஆறு பேரும் தரையைப் பார்த்தார்கள். நான்தான் வாயைத் திறந்தேன்.

"அது ரம்மி இல்லைங்க. காசு வெச்சு ஆடறதே இல்லை."

"நீ யாரும்மா?"

"ஜூஜுவாடில தார்பாய்க் கடை வெச்சிருக்கறன்."

"ஓ, நீயும் அந்தச் சீட்டுக் கூட்டந்தானா?"

யாரோ சிரித்தார்கள். துக்க வீட்டில் சண்டை போடக் கூடாதென்று நான் பின்வாங்கினேன். அந்த ஆறு பேரில் ஒருவர், ஒரே ஒருவர், "அந்தம்மா சொல்றது நெசந்தான்" என்று சொல்லியிருந்தால் போதும். சொன்னால் தன் வீட்டிலும் தெரிந்துவிடும் என்று ஒவ்வொருவருக்கும் பயம். ரெஜினா, அவர் மனைவி, பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். சூதாடியின் மனைவி என்ற பெயரோடுதான் அன்று கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தார்.

எனக்கும் ஆரம்பத்தில் அதே சந்தேகம் இருந்தது. ஸ்டீபன் என் கடைக்கு எதிரேதான் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பார். கையில் போன், அதில் கலர் கலராய்க் கார்டுகள். "என்னா சார், ரம்மியா?" என்றேன். "ரம்மி ஆடினா இப்பிடி நிம்மதியா நிப்பனாக்கா?" என்று சிரித்தார். பிறகு காட்டினார். ஒவ்வொரு கார்டிலும் ஒரு வீரனோ விலங்கோ மந்திரமோ இருக்கும். நம்மிடம் சேர்ந்த கார்டுகளில் முப்பதைப் பொறுக்கி ஒரு டெக் கட்ட வேண்டும். எங்கோ இருக்கும் ஒருவர் தன் முப்பதோடு எதிரே வருவார். யார் முப்பதை யோசித்துக் கட்டினாரோ அவர் ஜெயிப்பார். ஜெயித்தால் பணம் வராது, தோற்றால் போகாது.

நான் வியாபாரி. சரக்கு அதிகம் இருந்தால் கை ஓங்கும் என்று நினைத்து, முதல் நாளே கார்டு பாக்கெட்டுகளை மொத்தமாக வாங்கினேன். அதற்கு மட்டும்தான் காசு. விளையாட்டை நடத்தும் கம்பெனிக்காரனின் லாபமும் அதில்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று பிரிக்கும் வரை தெரியாது. ஸ்டீபன் என் போனை வாங்கிப் பார்த்தார். "லோடு எறக்கிட்டீங்க. கடை எங்கக்கா இருக்குது?" என்றார். பிறகு ஆரம்பத்தில் சும்மா கொடுக்கும் கார்டுகளைக் காட்டி, "இதையே வெச்சு அம்பது ஆட்டம் தோத்துட்டு வாங்க. எதுனால தோத்தீங்கன்னு தெரியும். அப்புறம் எது வேணும்னு நீங்களே சொல்லுவீங்க" என்றார். நான் முப்பத்தெட்டில் பொறுமை இழந்தேன். "இன்னும் பன்னெண்டு பாக்கி" என்றார்.

அவர் கம்பெனியில் தயாராகும் பாகங்களைச் சோதிக்கும் பிரிவில் இருந்தவர். ஷிஃப்ட் தொடங்கும்போது மெஷினில் வரும் முதல் பீஸை அளந்து பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் அடுத்தது ஓடும். அதே வழக்கத்தை நம் குழுவுக்கும் கொண்டு வந்தார். புதிதாக வருகிறவர் முதல் டெக்கைப் படம் எடுத்து அவருக்கு அனுப்ப வேண்டும். "அஞ்சாவது சுத்துலதான் எறக்க முடியற பெரிய கார்டு ஒம்பது இருக்குது, சின்னது மூணுதான். மொத நாலு சுத்து சும்மா உக்காந்திருப்பியா?" என்று பதில் வரும். கன்னடக்காரருக்குக் கன்னடத்தில், தெலுங்குக்காரருக்குத் தெலுங்கில், குரலிலேயே சொல்லி அனுப்புவார். திருத்தி அனுப்பினால், "ஃபர்ஸ்ட் பீஸ் ஓகே." அந்த மூன்று சொல் வராமல் இந்தக் குழுவில் யார் ஆடியிருக்கிறீர்கள்?

என் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். புதிதாக வந்த ஒருவரிடம் மிக அரிதான கார்டு ஒன்று இருந்தது. அதன் அருமை அவருக்குத் தெரியாது. பளபளப்பான பத்துச் சாதாரண கார்டுகளைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டேன். அவருக்கு ஒரே சந்தோஷம். நான் பெருமையோடு ஸ்டீபனிடம் காட்டினேன்.

"தார்பாய்ல ஓட்டை இருந்தா சொல்லித்தானே விப்பீங்க?"

"ஓட்டை எங்க இருக்குது? அவரே ஒத்துக்கிட்டுத்தானே குடுத்தாரு?"

"என்னா குடுக்கறோம்னு தெரியாம ஒத்துக்கிட்டாருக்கா. அது யாவாரம் இல்லை."

இருபது வருடம் கடை நடத்தியவளிடம் எது வியாபாரம் என்று சொல்ல இவர் யார் என்று இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் கார்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

இப்போது ஸ்டீபன் மேல் எனக்கிருக்கும் கோபத்தையும் சொல்ல வேண்டும். "வீட்ல ஏன் சொல்லலை?" என்று ஒருமுறை கேட்டேன். "சொன்னா ரம்மின்னுவாங்கக்கா. புரிய வெக்கறதுக்குள்ள ஷிஃப்ட் வந்துரும்" என்றார். முகம் தெரியாத இருநூறு பேருக்கு மூன்று மொழியில் புரிய வைத்த மனிதர், பக்கத்தில் சோறு பரிமாறிய ஒருத்திக்கு ஒரு மொழியில் சொல்லவில்லை. அந்த இடத்தைத்தான் மைத்துனர் பேச்சு நிரப்பியது. செத்தவரைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டுகிறேன்.

அடக்கம் முடிந்த மறுவாரம் ரெஜினா கடைக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "அவர் என்னாதான் ஆடுனாரு? எனக்குக் காட்டுங்க" என்றார். என் போனில் புதுக் கணக்கு ஒன்று திறந்து கொடுத்தேன். கார்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"இதுல காசு எங்க வெக்கணும்?"

"வெக்கவே வேணாம்மா."

"தோத்தா?"

"இன்னொரு ஆட்டம் ஆடலாம்."

ஒரு ஆட்டம் ஆடினார், தோற்றார். "இவ்ளோதானா? இதுக்கா எங்கண்ணன் பொணத்து முன்னாடி நின்னு அப்பிடிப் பேசுச்சு?" என்றார். நான் குழுவைத் திறந்து, ஸ்டீபன் யாரோ ஒருவருக்கு டெக் கட்டச் சொல்லிக்கொடுத்த குரலைப் போட்டேன். நிதானமாக, கேட்டதையே மறுபடி கேட்டவருக்கு அலுக்காமல் சொன்ன குரல். ரெஜினா அதை முழுதும் கேட்டார். "எங்கிட்ட ஒரு நாளு இப்பிடி உக்காந்து பேசியிருக்கலாம்" என்றார். பிறகு அங்கேயே அண்ணனுக்குப் போன் போட்டார்: "ஞாயித்துக்கெழமை வீட்டுக்கு வாண்ணா. உனக்கு ஒண்ணு காட்டணும். பேசினதைப் பேசின எடத்துலயே வந்து மாத்திப் பேசு."

அந்த ஞாயிறு நானும் போகிறேன். தரையைப் பார்த்த ஆறு பேரும் வர வேண்டும். வந்து, உங்கள் பெயரைச் சொல்லி, அவர் உங்களுக்கு என்ன சொல்லிக்கொடுத்தார் என்று அவர் மனைவியிடம் சொல்லுங்கள். வராதவர்களை நான் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன்.

ஸ்டீபனின் பொறுமையை நான் எடுத்துக்கொள்ளவில்லை. அது எனக்குப் பொருந்தாது. புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையை எடுத்துக்கொண்டேன். ஆனால் டெக்கைப் பார்ப்பதற்கு முன், அவர் யாரிடமும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன்: வீட்டில் சொல்லிவிட்டாயா? நேற்று வேப்பனப்பள்ளியிலிருந்து ஒருவர் பேசினார்; மாந்தோப்பு வைத்திருப்பவர். "சொன்னா ரம்மின்னு நெனைப்பாங்கக்கா" என்று இழுத்தார்.

"இல்லைன்னு சொல்லு. வாய் இருக்குதில்ல?"