சைரனுக்கு நடந்த கூட்டம்

கூட்டம் என்றால் எனக்கு ஆகாது. திருவிழா, துணிக்கடை, கம்பெனி பஸ்ஸின் படிக்கட்டு, எங்கே நாலு பேர் இடித்துக்கொண்டு நின்றாலும் என் கண் முதலில் வெளியே போகும் வழியைத்தான் தேடும். ஒரகடத்தில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் இந்தக் குணத்துக்கு மரியாதை உண்டு. தீப்பிடித்தால் ஆட்களை வெளியேற்றும் குழுவில் என்னைப் போட்டிருக்கிறார்கள். ஒத்திகை நாளில் சைரன் ஊதியதும் கையைத் தூக்கிக் கத்துவேன். லைனில் என்னை மதிக்காத பையன்கள்கூட அன்றைக்கு அடக்க ஒடுக்கமாக நடப்பார்கள். அந்தப் பெருமை கொஞ்சம் தலைக்கேறித்தான் இருந்தது.

என் மச்சினன், மனைவியின் தம்பி, ராக் பாட்டுக்காரன். வல்லம் வடகாலில் ஒப்பந்த வேலை. வேலை இல்லாத நேரமெல்லாம் கிடாரும் கையுமாக இருப்பான். போன மாதம் மண்ணூர்ப் பக்கம் ஒரு மைதானத்தில் பெரிய ராக் குழுவின் கச்சேரி நடந்தது. அவர்கள் மேடையேறுவதற்கு முன்னால் ஒரே ஒரு பாட்டுப் பாட மச்சினனின் குழுவுக்கு வாய்ப்புக் கிடைத்தது. சொந்தமாகப் போட்ட பாட்டு. கூட்டம் நின்று கேட்டால் அடுத்த மேடைக்கும் கூப்பிடுவதாக ஏற்பாட்டாளர் சொல்லியிருந்தார். வீட்டில் வேறு பேச்சே இல்லை. மாமியார் உபவாச ஜெபமே இருந்தார்.

மைதானம் முழுக்க எங்கள் ஆட்கள்தான். ஷிப்ட் முடிந்து சீருடையோடு வந்தவர்கள், ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் தெற்கத்திப் பையன்கள், ஹாஸ்டல் பெண்கள். எவனோ என் காலை மிதித்தான். எவனோ என் தோளைப் பிடித்துக்கொண்டு குதித்தான். எனக்கு வியர்த்துக் கொட்டியது.

"இன்னாத்துக்கு இப்டி முழிச்சிகினு நிக்கிற? முன்னால வா, தம்பி மூஞ்சி தெரியட்டும்," என்றாள் மனைவி.

"நீ போ. நான் இங்கனயே நிக்கேன்."

"பயந்தாங்கொள்ளி!" என்று சிரித்துவிட்டு அவள் கூட்டத்துக்குள் புகுந்து மேடைக்கு முன்னால் போய்விட்டாள். நான் வாசலை ஒட்டியிருந்த தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

விளக்குகள் அணைந்தன. இருட்டில் சைரன் ஊதியது. ஏறி இறங்கும் அதே சத்தம். மேடையிலிருந்து புகை வந்தது.

நான் யோசிக்கவில்லை. கம்பியின் மேல் ஏறி இரண்டு கையையும் தூக்கினேன். "எல்லாரும் வெளிய! ஓடாதீங்க, முந்தாதீங்க, நடங்க!"

வேறு கூட்டமாக இருந்தால் பைத்தியம் என்று நினைத்திருக்கும். இது எங்கள் கூட்டம். சைரனும் தூக்கிய கையும் சேர்ந்தால் கால் தானாக நடக்கும். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள், அவர்களைப் பார்த்து முன்னால் இருந்தவர்களும் திரும்பினார்கள். ஒருவரையொருவர் தள்ளாமல் வரிசை கட்டி வெளியே வந்தார்கள். "அசெம்ப்ளி பாயிண்ட் எங்கண்ணா?" என்று, ஒத்திகையில் வெளியே வந்து கூடி நிற்கும் இடத்தை ஒருவன் என்னிடமே கேட்டான்.

அப்போதுதான் சைரனோடு டிரம்ஸ் சேர்ந்தது. அதற்குமேல் கிடார். மச்சினன் பாட ஆரம்பித்தான். சைரன் கீபோர்டிலிருந்து வந்தது, புகை மேடைக்காக விட்ட புகை. ஆனாலும் பாதிப்பேர் நடந்துகொண்டே இருந்தார்கள். சொல்லாமல் திரும்பக்கூடாது என்றும் நாங்கள்தானே பழக்கியிருக்கிறோம். "திரும்பிப் போங்க" என்று கத்தியிருக்கலாம். கத்தினால் முதலில் கத்தியவனும் நான்தான் என்று தெரிந்துவிடும். வாயை மூடிக்கொண்டு நின்றேன். மேடைக்கு முன்னால் என் மனைவி மட்டும் கையை உயர்த்தித் தட்டிக்கொண்டிருந்தாள். விஷயம் புரிந்து கூட்டம் சிரித்துக்கொண்டே திரும்பியபோது பாட்டு முடிந்திருந்தது.

மேடைக்குப் பின்னால் மச்சினன் முகம் செத்துப்போய் உட்கார்ந்திருந்தான். "பாட்டு அவ்ளோ மோசமா மாமா? எல்லாரும் கெளம்பிட்டாங்களே. நீ அவங்க கூடத்தான நின்னுகினு இருந்த?"

மனைவி பக்கத்தில் இருந்தாள். சொல்லிவிட்டேன். "நான்தான்டா போகச் சொன்னேன். நெசமாவே தீன்னு நெனச்சிட்டேன்."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "அப்போ பாட்டு புடிக்காம போவல!" மனைவியும் சிரித்துக்கொண்டே என் முதுகில் ஒன்று வைத்தாள். தப்பித்தேன் என்று நினைத்தேன். சட்டென்று அவன் சிரிப்பு நின்றது.

"மாமா, நம்ம பாட்டு சைரன்லதான ஆரம்பிக்கும்?"

மாதக்கணக்காக எங்கள் வீட்டு மாடியில்தான் அவர்கள் அதைப் பழகினார்கள். பழகிவிட்டு இறங்கி வரும்போதெல்லாம் "எப்டி மாமா?" என்று கேட்பான். "சூப்பர்டா" என்பேன். நைட் ஷிப்ட்டுக்கு முன்னால் தூங்க வேண்டும் என்று இரண்டு காதிலும் கம்பெனி இயர் பிளக்கை வைத்துக்கொண்டு படுத்திருப்பேன். ஒரு நாள்கூட ஒரு வரி கேட்டதில்லை. அதை அவனிடம் எப்படிச் சொல்வது? வெட்கத்தில் காது சுட்டது. மனைவி வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

"பரவால்ல மாமா. நைட் ஷிப்ட்டு, தூங்கணுமில்ல," என்று எனக்காக அவனே சொல்லிவிட்டு கிடார் வயரைச் சுருட்ட ஆரம்பித்தான்.

இப்போதும் மாடியில் ஒத்திகை நடக்கிறது. நான் விழித்திருந்து முழுவதும் கேட்கிறேன். இறங்கி வரும்போது அவன் என்னிடம் எதுவும் கேட்பதில்லை.